கணக்கு அதிகமுள்ள எலெக்ட்ரானிக்ஸ் பாடத்தை எந்த செமஸ்டரில் எடுப்பது? முழுமையான வழிகாட்டி

எலெக்டிவ் (விருப்பப் பாடம்) பட்டியல் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்ததும் சீனியர்களுக்குப் போகும் முதல் கேள்வி, "அண்ணா, இந்தப் பேப்பர் கஷ்டமா?" என்பதுதான். இதற்கு உருப்படியான பதில் எந்த அண்ணனிடமும் இருக்காது. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், எலெக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ், ராண்டம் ப்ராசஸ், டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங் ஆகிய நான்கும் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. அந்தக் கணக்கு கையில் சரளமாக ஓடும் மாணவருக்கு இவை இன்பமான பாடங்கள். ஓடாதவருக்கு மூன்றாவது வாரத்திலேயே மூச்சு முட்டும். ஆகவே கேட்க வேண்டியது, "எனக்கு இது இப்போதா, ஆறு மாதம் கழித்தா?" என்பது. அதை நீங்களே முடிவு செய்ய முடியும். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. தேதி உங்கள் கையில் இருக்கிறதா?

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் படிப்பவருக்குக் கட்டாயப் பாடங்களின் இடம் ஏற்கெனவே முடிவானது. 2021 ரெகுலேஷன் என்னும் பாடத்திட்ட விதிமுறையில் ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) மாணவருக்கு சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் மூன்றாவது செமஸ்டரில் வந்துவிடும். டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்கும் எலெக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸும் நான்காவதில். ட்ரிபிள்-ஈ (எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்) மாணவருக்கு ஃபீல்ட்ஸ் மூன்றாவதிலேயே வரும். இவற்றைத் தள்ளிப்போட முடியாது. எப்போது தயாராவது என்பதை மட்டும்தான் நீங்கள் முடிவு செய்யலாம்.

உண்மையிலேயே தேதி உங்கள் கையில் இருப்பது சில இடங்களில்தான்: ப்ரொஃபெஷனல் எலெக்டிவ், கூடுதலாக 18 கிரெடிட் எடுக்க வேண்டிய ஹானர்ஸ் அல்லது மைனர், என்பிடெல் என்னும் ஆன்லைன் படிப்புகள், பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வுத் தயாரிப்பு. ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் படிப்பில் சேர்ந்தவர்களுக்கும் ஓரளவு சுதந்திரம் உண்டு. ஆண்டுக்கு மூன்று டெர்ம். எந்த டெர்மில் எத்தனை பாடம் என்பதை மாணவர் தன் வசதிப்படி வைத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு இந்தச் சுதந்திரம் பெரிய வரம். கணக்கு தயாராகும் முன்பே பாடங்களை அள்ளிப் போட்டுக்கொள்ளத் தூண்டுவதும் இதே சுதந்திரம்தான்.

2. பாடத்தின் பெயரை விட்டுவிட்டு, உள்ளே ஓடும் கணக்கைப் பாருங்கள்

சிலபஸைத் திறந்து ஐந்து யூனிட்டையும் படியுங்கள். ஒவ்வொரு யூனிட்டுக்குப் பக்கத்திலும் அது எந்தக் கணக்கைக் கேட்கிறது என்று பென்சிலால் எழுதுங்கள். அரை மணி நேர வேலைதான்.

சிக்னல்ஸ் பாடத்துக்குக் கலப்பு எண்கள், தொகையிடல், பெருக்குத் தொடர், பகுதிப் பின்னங்கள் வேண்டும். ஃபீல்ட்ஸுக்கு வெக்டர், கோள ஆயம், உருளை ஆயம், இரட்டை மற்றும் மும்மைத் தொகையீடு. ராண்டம் ப்ராசஸுக்கு நிகழ்தகவும் தொகையிடலும். டிஎஸ்பிக்கு (டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்) தனியாக ஒரு பட்டியல் தேவையில்லை. சிக்னல்ஸ் முழுவதும் வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். லாப்லாஸ், ஃபூரியே என்னும் உருமாற்ற முறைகள் இரண்டையும் கணிதத் துறை முன்கூட்டியே நடத்தியிருக்கிறதா, அல்லது சிக்னல்ஸ் வகுப்பில்தான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறீர்களா? இது ரெகுலேஷனுக்கு ரெகுலேஷன் மாறும். "எங்கள் காலத்தில் எம்-டூவிலேயே (இரண்டாவது செமஸ்டர் கணிதம்) லாப்லாஸ் படித்துவிட்டோம், சுலபம்தான்" என்று பழைய சீனியர் சொன்னால் அது அவர் படித்த வரிசைக்குப் பொருந்தும். உங்கள் முதல் இரண்டு செமஸ்டர் கணிதப் பாடத்திட்டத்தை எடுத்து நேரில் சரிபாருங்கள். அங்கே இல்லையென்றால், ஒரே பேராசிரியர் ஒரே செமஸ்டரில் கருவியையும் அதன் பயன்பாட்டையும் சேர்த்து நடத்த வேண்டியிருக்கும். வேகம் பிடிக்க முடியாமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.

3. நோட்டை மூடிவிட்டு ஒரு மணி நேரம்

இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான். கணக்கில் பார்த்தால் புரிவது வேறு, பேப்பரில் போட வருவது வேறு. யூடியூபில் ஒருவர் போடும்போது எல்லாருக்கும் புரியும். நமக்குத் தெரிய வேண்டியது இரண்டாவது.

ஒரு வெள்ளைத்தாள், பேனா, சாதாரண கால்குலேட்டர். புத்தகமும் போனும் வேறு அறையில் இருக்கட்டும். கீழே உள்ளவற்றைப் போட்டுப் பாருங்கள்.

முதலில் 3 கூட்டல் 4ஜே என்ற கலப்பு எண்ணின் மட்டு, கோணம் இரண்டும். மட்டு 5, கோணம் சுமார் 53 டிகிரி என்று அரை நிமிடத்தில் வர வேண்டும். அதை அடுக்குக்குறி வடிவத்தில் எழுதி, தன்னைத்தானே பெருக்கினால் என்ன ஆகும் என்பதும் வர வேண்டும்: மட்டு 25, கோணம் 106 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே.

அடுத்தது தொடர். ஒன்று, அரை, கால், அரைக்கால், மாகாணி என்று கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் எவ்வளவு? 2 என்ற விடை பலருக்கும் நினைவிருக்கும். ஏன் 2 என்றும், பொது விகிதம் ஒன்றைத் தாண்டினால் ஏன் அந்த ஃபார்முலா செல்லாது என்றும் இரண்டு வரியில் எழுத முடிகிறதா பாருங்கள். டிஜிட்டல் சிக்னல்களுக்கான இசட் டிரான்ஸ்ஃபார்மில் எந்தப் பகுதியில் தொடர் ஒருங்கும் என்று பக்கம் பக்கமாக வருவதெல்லாம் இந்த ஒரு கேள்விதான்.

மூன்றாவது, ஒரு நிமிடத்தில் தொடங்கி ஒரு மணி நேரம் வரை இழுக்கக்கூடிய கணக்கு. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், இரண்டையும் தொடராக இணைத்து 5 வோல்ட் டிசி கொடுக்கிறோம். கெப்பாசிட்டரின் மேல் வோல்டேஜ் எப்படி ஏறும்? வகைக்கெழுச் சமன்பாடு எழுதித் தீர்த்தால் டைம் கான்ஸ்டன்ட் 1 மில்லிசெகண்ட் என்று வரும். அந்த நேரத்தில் வோல்டேஜ் சுமார் 3.16, அதாவது 63 சதவீதம். 5 மில்லிசெகண்டில் 99 சதவீதத்தைத் தாண்டிவிடும். இது வரை வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இப்போது டிசியை எடுத்துவிட்டு அதே சுற்றுக்கு சைன் அலை கொடுங்கள். எந்த ஃப்ரீக்வன்ஸியில் கெப்பாசிட்டரின் மேல் கிடைக்கும் வெளியீடு உள்ளீட்டில் 0.707 மடங்காகும்? சுமார் 159 ஹெர்ட்ஸ். அங்கே ஃபேஸ் 45 டிகிரி பின்தங்கும். அதற்குப் பத்து மடங்கு ஃப்ரீக்வன்ஸியில் வெளியீடு ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். இங்கே வகைக்கெழுச் சமன்பாட்டைத் தொடவே இல்லை, கலப்பு எண்ணை வைத்து வகுத்தல் மட்டும்தான் செய்தீர்கள். மின்பொறியாளர் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் 1893-இல் சிகாகோவில் ஏசி சுற்றுகளுக்குக் கலப்பு எண்களைப் பயன்படுத்தும் முறையை விளக்கியதும் இந்த வசதிக்காகத்தான். ஒரே சுற்றை நேரத்தின் வழியாகவும் ஃப்ரீக்வன்ஸியின் வழியாகவும் பார்த்து, முதலில் வந்த 1 மில்லிசெகண்டும் இரண்டாவதில் வந்த 159 ஹெர்ட்ஸும் ஒரே செய்தியைச் சொல்கின்றன என்று உங்களுக்குப் பொறி தட்டினால், சிக்னல்ஸ் பாடத்தின் உயிர்நாடி ஏற்கெனவே கையில் இருக்கிறது. தயங்காமல் எடுங்கள்.

நான்காவது: உயரம் 1, அகலம் 1 செகண்ட் உள்ள ஒரு செவ்வகத் துடிப்பை அதே போன்ற இன்னொன்றின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். ஒவ்வொரு நிலையிலும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பை வரையுங்கள். 0-வில் தொடங்கி, 1 செகண்டில் உச்சம் தொட்டு, 2 செகண்டில் முடியும் முக்கோணம் கிடைக்கும். கன்வல்யூஷன் என்பது இவ்வளவுதான். பெயர் தெரியாமலே இதை வரைந்துவிடுபவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தப் பாடம் நன்றாக வரும்.

ஃபீல்ட்ஸ் எடுப்பவர்கள் மூன்றாவதையும் நான்காவதையும் விட்டுவிட்டு, ஆதிப்புள்ளியிலிருந்து வெளிநோக்கிச் செல்லும் நிலை வெக்டரின் டைவர்ஜென்ஸ் 3, கர்ல் 0 என்று காட்டுங்கள். கோள ஆயத்தில் தொகையிட்டு ஒரு கோளத்தின் கன அளவைக் கொண்டுவாருங்கள். ராண்டம் ப்ராசஸ் எடுப்பவர்களுக்கு ஒரே கணக்கு போதும்: 0 முதல் 1 வரை சீராகப் பரவிய ஒரு மாறியின் சராசரி அரை, பரவற்படி பன்னிரண்டில் ஒன்று. இரண்டையும் தொகையிட்டுக் காட்ட வேண்டும்.

4. விடைத்தாளை நேர்மையாகப் படியுங்கள்

எல்லாம் வந்துவிட்டால் இந்த செமஸ்டரிலேயே எடுங்கள். தள்ளிப்போட்டால் இருக்கும் சூடும் ஆறிவிடும்.

பாதி வந்து பாதி தடுமாறினால், எந்த மாதிரித் தடுமாற்றம் என்று பாருங்கள். குறியைத் தவறாகப் போட்டது, பெருக்கலில் பிசகியது எல்லாம் பயிற்சியில் சரியாகிவிடும். எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் தாளை வெறித்துப் பார்த்த கணக்குகளைத் தனியாக எண்ணுங்கள். அவை ஒன்று இரண்டு என்றால் நான்கு வாரத்தில் சரிசெய்யலாம், பாடத்தையும் எடுக்கலாம். பெரும்பாலானவை அப்படி என்றால், எலெக்டிவாக இருக்கும் பட்சத்தில் அடுத்த வாய்ப்புக்குத் தள்ளுங்கள். கட்டாயப் பாடமாக இருந்தால் இன்றைக்கே தொடங்குங்கள்.

முதலாண்டுக் கணக்கில் அரியர் இருந்தால்? அரியர் வந்த காரணத்தைப் பாருங்கள். தேர்வு நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போயிருக்கலாம், மேலே சொன்ன கணக்குகளோ நன்றாக வரலாம். அப்படியானால் அரியர் ஒரு தடையே இல்லை. கணக்கு வராததால் வந்த அரியர் என்றால், அதை எழுதி முடிக்கும் செமஸ்டரில் கணக்கு சார்ந்த எலெக்டிவ் எதையும் கூடவே எடுக்காதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தையும் ஒரே தெம்பையும் கேட்கும்.

5. அந்தப் பாடத்துக்குப் பின்னால் என்னென்ன காத்திருக்கின்றன?

தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு. சிக்னல்ஸ் தெரியாமல் டிஎஸ்பி, கம்யூனிகேஷன் தியரி, கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் மூன்றிலும் மனப்பாடம்தான் செய்ய வேண்டியிருக்கும். ஃபீல்ட்ஸைத் தள்ளினால் டிரான்ஸ்மிஷன் லைன், ஆன்டெனா, மைக்ரோவேவ் எல்லாம் கூடவே தள்ளும். ராண்டம் ப்ராசஸ் தெரியாமல் டிஜிட்டல் கம்யூனிகேஷனில் நாய்ஸ் வரும் இடங்கள் இருட்டாகவே இருக்கும். மெஷின் லேர்னிங் பக்கம் போக நினைப்பவர்களுக்கும் அது வேண்டும்.

ஆனால் இன்னொரு பாடத்துக்கு வழிவிடாத, தன்னளவில் முடிந்துபோகும் எலெக்டிவ் என்றால், ஒரு செமஸ்டர் தாமதத்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

கேட் எழுத நினைப்பவர்கள் தேதியைப் பின்னாலிருந்து எண்ணி வாருங்கள். தேர்வு பிப்ரவரியில் நடக்கும். 100 மதிப்பெண்ணில் 15 பொதுத்திறனுக்கு. ஈசி (எலெக்ட்ரானிக்ஸ்), ஈஈ (எலெக்ட்ரிக்கல்) தாள்களில் பொறியியல் கணிதத்துக்குச் சுமார் 13. சிக்னல்ஸ் ஈஈ தாளில் ஒரு தனிப் பிரிவு, ஈசி தாளில் நெட்வொர்க்ஸோடு சேர்ந்து ஒரு பிரிவு. கண்ட்ரோலிலும் கம்யூனிகேஷனிலும் அது திரும்பத் திரும்ப வரும். மூன்றாம் ஆண்டு மாணவர்களும் 2021 முதல் எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். ஆகவே இந்தப் பாடங்கள் ஐந்தாவது செமஸ்டருக்குள் முடிந்திருந்தால் மூன்றாம் ஆண்டிலேயே ஒரு முறை நிஜமாக எழுதிப் பார்க்கலாம். ஏழாவது செமஸ்டரில் முதன்முதலாக ஃபூரியேவைத் தொடுபவருக்கு அந்த பிப்ரவரி மிக அருகில் இருக்கும்.

6. அந்த செமஸ்டரில் வேறென்ன இருக்கிறது?

கணக்கு கனமான இரண்டு பாடங்கள் ஒரே செமஸ்டரில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விதிவிலக்கு ஒன்று உண்டு: ஒன்று மற்றொன்றுக்கு உதவும் ஜோடியாக இருந்தால், உதாரணமாக சிக்னல்ஸும் நெட்வொர்க் தியரியும், ஒரே கணக்கை இரண்டு பக்கத்திலிருந்து பார்ப்பதால் சுமை பாதிதான்.

வகுப்பில் ஒரு மணி நேரம் நடந்தால் வீட்டில் இரண்டு மணி நேரம் கணக்குப் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று வகுப்பு என்றால் ஆறு மணி நேரம். மூன்று லேப், ரெக்கார்டு எழுதுவது, கல்லூரிப் பேருந்தில் போக வர இரண்டு மூன்று மணி நேரம், இவற்றைக் கழித்த பிறகு அந்த ஆறு மணி நேரம் மிஞ்சுகிறதா? டே ஸ்காலராக இருந்து வீட்டு வேலையும் பார்க்க வேண்டியிருக்கும் மாணவிகள் இந்தக் கணக்கை இன்னும் கறாராகப் போட வேண்டும். ஹாஸ்டல் நண்பர் ஐந்து பாடத்தோடு சமாளிக்கிறார் என்பது உங்களுக்கு அளவுகோல் ஆகாது.

ஏழாவது செமஸ்டரில் கம்பெனிகள் வரத் தொடங்கிவிடும். ஒரு வாரம் முழுவதும் தேர்வு, நேர்காணல் என்று போய்விட்டால், தொடர்ச்சி முக்கியமான கணக்குப் பாடத்தில் அந்த வாரத்தை மீட்பது கடினம். பிளேஸ்மென்டில் உட்கார்பவர்களுக்கு ஐந்தாவது செமஸ்டர் நல்லது, ஆறாவது பரவாயில்லை, ஏழாவது வேண்டாம். மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு ஏழாவதும் சரிதான்.

7. லேட்டரல் என்ட்ரியில் வந்தவர்களுக்கு

பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களுக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிட அதிகம் சுடும். முதலாண்டின் இரண்டு கணிதப் பாடங்களும் அவர்களுக்கு நடந்திருக்காது. கல்லூரிக்குள் காலடி வைத்த அந்த செமஸ்டரிலேயே சிக்னல்ஸோ ஃபீல்ட்ஸோ எதிரில் நிற்கும். லேப்பில் சுற்று அமைப்பதில், மல்டிமீட்டரும் சிஆர்ஓ என்னும் அலைகாட்டியும் கையாள்வதில் வகுப்பிலேயே முன்னணியில் இருக்கும் மாணவர், தொகையிடல் வராததால் "எனக்குப் படிப்பு வராது" என்று முடிவு செய்துகொள்வது நடக்கிறது. அது தவறான முடிவு. படிப்பு வராததால் அல்ல, ஓராண்டுக் கணக்கு நடக்காததால் வந்த இடைவெளி அது.

டிப்ளமோ முடிவு வருவதற்கும் கல்லூரி திறப்பதற்கும் இடையே சில வாரங்கள் கிடைக்கும். அவற்றை விட்டுவிடாதீர்கள். சேர்ந்த பிறகு வகுப்பு ஆசிரியரையோ சிக்னல்ஸ் ஆசிரியரையோ முதல் வாரத்திலேயே பார்த்து, "சார், நான் லேட்டரல். முதலாண்டு கணக்கில் எதெல்லாம் அவசியம் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அப்படி வந்து கேட்கும் மாணவரைத் திருப்பி அனுப்பும் ஆசிரியர்கள் மிகக் குறைவு. ஹானர்ஸ், மைனர் பக்கம் அந்த முதல் ஆண்டில் போகவே வேண்டாம்.

8. நான்கு வாரச் சீரமைப்பு

மே, ஜூன் விடுமுறை இதற்கு ஏற்ற நேரம். தினமும் ஒன்றரை மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

புத்தகம் தேடி அலைய வேண்டாம். தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகம் இரண்டு தொகுதியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டாம் அத்தியாயம் கலப்பு எண்கள், ஆறாவது வெக்டர் இயற்கணிதம், ஒன்பதாவது தொகை நுண்கணிதம், பத்தாவது வகைக்கெழுச் சமன்பாடுகள், பதினொன்றாவது நிகழ்தகவுப் பரவல்கள். இந்த ஐந்தில் உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் தமிழ்ப் புத்தகத்திலேயே தொடங்கலாம், தவறே இல்லை. கருத்து தெளிந்த பிறகு ஆங்கிலச் சொற்கள் ஒரு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

சிக்னல்ஸுக்குத் தயாராகிறவர் முதல் வாரம் கலப்பு எண்ணும் முக்கோணவியலும். இரண்டாவது வாரம் பகுதித் தொகையிடலும் பகுதிப் பின்னங்களும். பகுதிப் பின்னங்கள் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கும். மூன்றாவது வாரம் முதல்வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகள். அவற்றை ஒவ்வொன்றாக ஆர்சி (ரெசிஸ்டர், கெப்பாசிட்டர்), ஆர்எல் (ரெசிஸ்டர், இண்டக்டர்) சுற்றுகளில் பொருத்திப் பாருங்கள். நான்காவது வாரம் ஃபூரியே தொடர் மட்டும்: ஒரு சதுர அலையை எடுத்து, ஒன்று, மூன்று, ஐந்து, ஏழாவது ஹார்மோனிக் வரை கையால் கணக்கிட்டு, நான்கையும் கூட்டிப் படம் வரையுங்கள். சைன் அலைகள் சேர்ந்து சேர்ந்து சதுரமாவதை ஒரு முறை சொந்தக் கையால் வரைந்துவிட்டால், பிறகு எந்த வகுப்பிலும் ஃபூரியே பயமுறுத்தாது.

கடைசியில் மூன்றாம் படியின் தேர்வை எண்களை மாற்றி மறுபடி எழுதுங்கள்.

9. இரண்டு வாரம் உள்ளே இருந்து பார்த்து முடிவெடுங்கள்

என்பிடெலில் எடுப்பவர்களுக்கு இதற்கு நல்ல வசதி உண்டு. படிப்புகள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். சேர்வதற்குக் கட்டணம் இல்லை. தேர்வு எழுதினால்தான் கட்டணம், அதற்குத் தனிப் பதிவு. ஆகவே சேர்ந்து பாருங்கள். முதல் வகுப்பை வைத்து எடைபோடாதீர்கள், முதல் வகுப்பு எப்போதும் இனிக்கும். அதே படிப்பு முன்பு நடந்தபோது கொடுத்த நான்காவது வார அசைன்மென்டைத் தேடி எடுத்து, கேள்விகளைப் படித்துப் பாருங்கள். விடை தெரிய வேண்டியதில்லை. கேள்வி என்ன கேட்கிறது என்று புரிந்தாலே போதும்.

பிறகு இரண்டாவது வார அசைன்மென்டை டெலிகிராம் குரூப் பக்கம் போகாமல் தனியாகப் போடுங்கள். பாதிக்கு மேல் வந்தால் தொடருங்கள். வராவிட்டால் அடுத்த முறைக்கு விட்டுவிட்டு, வீடியோக்களை மட்டும் மெதுவாகப் பாருங்கள். இறுதி மதிப்பெண்ணில் அசைன்மென்டுக்கு 25 சதவீதம், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. குரூப்பில் வாங்கிய விடைகள் அந்த 75-க்கு உதவாது.

காலண்டரையும் ஒரு முறை பாருங்கள். பன்னிரண்டு வாரப் படிப்பின் தேர்வு பெரும்பாலும் ஏப்ரல் அல்லது அக்டோபரில் வரும். கல்லூரியின் இன்டர்னல், மாடல் தேர்வு, ப்ராக்டிகல் எல்லாம் அதை ஒட்டித்தான் வரிசை கட்டும். கடைசி மூன்று வாரப் பாடத்தை அந்த நெருக்கடிக்கு முன்பே பார்த்து முடிக்கத் திட்டம் இருந்தால் மட்டும் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். அந்தப் படிப்பை கிரெடிட்டாகக் கணக்கில் சேர்க்கப் போவதாக இருந்தால், உங்கள் கல்லூரி அதை ஏற்குமா, எந்த எலெக்டிவுக்குப் பதிலாக ஏற்கும் என்பதைப் பதிவுக்கு முன்பே எச்ஓடியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கல்லூரி எலெக்டிவில் இந்த இரண்டு வாரச் சலுகை எல்லா இடத்திலும் கிடைக்காது. மாற்றிக்கொள்ளக் கடைசித் தேதி எது என்று அலுவலகத்தில் கேட்டு, அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையை காலண்டரில் குறித்துவையுங்கள். அன்றைக்கு, அதுவரை நடந்த பாடத்திலிருந்து பழைய பல்கலைக்கழக வினாத்தாளின் பார்ட்-பி கேள்வி ஒன்றை நோட்டை மூடிவைத்து எழுதுங்கள். எழுத வந்தால் தொடருங்கள். வராவிட்டால் திங்கட்கிழமை காலை முதல் வேலையாக ஃபேகல்ட்டி அட்வைசரைப் போய்ப் பாருங்கள்.